வற்றிய நாட்களின் பிடியரிசி

என் மகனுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு வந்தது துக்கம் இல்லை, அப்பாடா என்ற நிம்மதிதான். கோபித்துக்கொள்ளாதே. வெகுநாளாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. யுத்த காலம். அடுத்தவர் வீட்டுக்குத் தபால் வந்தாலே சாவுச் செய்தியாக இருக்கக்கூடாதே என்று ஊரில் நாலு பேர் கும்பிடு போடுகிறார்கள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு, விஷ ஜுரமோ, பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டாயோ என்று நான் பிரிக்காமல் நின்றபோது உன் அப்பா கத்தினார். "பிரிமே! இன்னாத்துக்கு அத்தப் பாத்துகினே நிக்கிறே? முறைச்சா அதுவே பேசுமா?" பிரித்துப் படித்துக் காட்டினேன். ஜெபிக்க வாயைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தாய். பாட்டுப் பாடும்போது வேறு யாரோ பாடுவதுபோல இருக்கிறது, பயிற்சி முடிந்து வரும் ஞாயிறு ஒரு கிராமச் சபையை உன் கையில் கொடுக்கப் போகிறார்கள், உள்ளே வெறுமையாக இருப்பவன் அந்த ஜனங்களுக்கு முன்னால் உபதேசியார் என்று நிற்பது மோசடி, அதற்குள் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்ளோதானா? கை காலு நல்லா கீதில்ல?" என்றார். நல்லாத்தான் இருக்கிறது என்றேன். "அப்ப கஞ்சிய ஊத்து" என்று உட்கார்ந்துவிட்டார். பாதிக் கஞ்சியில்தான் மெல்லக் கேட்டார்: "உனக்கு வந்துச்சே, அதே மாதிரியா?"

ஆமாம், அதே மாதிரிதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை நீ பெட்டிக்கடியில் ஒளித்து வைக்க வேண்டாம். உன் விடுதியில் உன்னைப் போலவே உள்ளுக்குள் காய்ந்துபோய், வெளியே கணீரென்று பாடிக்கொண்டிருக்கிறவன் இன்னும் ஒருவனாவது இருப்பான். அவனிடமும் கொடு. எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

உன் தங்கை எஸ்தர் இறந்துபோன மழைக்காலம் உனக்கு நினைவிருக்கும். நீ போர்டிங் பள்ளியில் இருந்தாய், அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தாய். வாந்தியும் பேதியுமாக அவள் கிடந்தபோது பூந்தமல்லியிலிருந்து மருந்து வாங்கிவர உன் அப்பா சேற்றில் ஓடினார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் கொண்டுவந்தார்கள். கர்த்தருடைய சித்தம். மேட்டுத் தெருவிலிருந்து வந்த சபை மூப்பரும் அதையே சொன்னார். என் வீட்டுக்குள் வராமல், வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். நான் அவரைக் கேட்டேன்: "உங்க தெருக் கிணத்துல நாங்க தண்ணி மொள்ளக்கூடாதுன்னு சொன்னது கர்த்தரா, நீங்களா? சேரிப் பிள்ளைங்க வாய்க்கா தண்ணி குடிக்கிறது யாரோட சித்தம்?" அவர் குடையை மாற்றிப் பிடித்தார், அவ்வளவுதான். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று போகிற வழியில் சொல்லிக்கொண்டு போனாராம். நான் பிதற்றவில்லை. அவரும் ஞானஸ்நானம் பெற்றவர், நானும் பெற்றவள். ஒரே தண்ணீரில்தான் பெற்றோம். கிணற்றுத் தண்ணீருக்கு மட்டும் தெரு வேறு.

நீ சபைக்குப் போய் நிற்பதாக இருந்தால் முதலில் இதைத் தெரிந்துகொள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சித்தம், கித்தம் என்று எதையும் சொல்லாதே. வாயை மூடிக்கொண்டு அவள் அடுப்பைப் பற்ற வை. மனிதன் செய்த அநியாயத்தைக் கடவுள் தலையில் கட்டுகிறவன் எத்தனை அழகாகப் பிரசங்கம் செய்தாலும் அவன் செய்வது பொய்ச்சாட்சி.

கோபம் இருந்தவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் நம்புவாயா? கோபத்தில் நான் கடவுளோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அதுவும் நின்றுபோயிற்று. திட்டவும் ஆள் இல்லாத வீடு மாதிரி உள்ளே காலியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன், சாணி தட்டினேன், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாயில் உட்கார்ந்தேன். எல்லாரும் கண்ணை மூடும்போது நான் திறந்து வைத்துக்கொண்டு கூரையில் சிலந்தி வலையைப் பார்த்தேன். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தாய். சோற்றுக்கு முன்னால் எப்போதும்போல, "அம்மா, ஜெபம் பண்ணும்மா" என்றாய். நான், "நீயே பண்ணு நைனா" என்றேன். நீ பண்ணினாய். பாதியில் எஸ்தர் பெயர் வந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். உன் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளைக்கு இன்னும் பேச ஆள் இருக்கிறதே என்று பொறாமையாகக்கூட இருந்தது. இப்போது உன் முறை வந்திருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் நிற்காமல் நடந்தது. பிடியரிசி. சோற்றுக்கு அரிசி எடுக்கும் ஒவ்வொரு வேளையும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, "ஆண்டவரே, இது உமக்கு" என்று சொல்லிக் கோயில் கலயத்தில் போடுவேனே, அது. எஸ்தர் போன பிறகு வாய் சொல்லவில்லை, கை மட்டும் போட்டது. பக்தி என்று நினைக்காதே, வெறும் பழக்கம். பக்கத்து வீட்டுப் பாக்கியம் சனிக்கிழமைதோறும் சேரி வீடுகளில் கலயங்களைத் திரட்ட வருவாள். அவள் வாய்க்குப் பயந்தும் போட்டேன் என்று வைத்துக்கொள். பிறகு பர்மாவிலிருந்து அரிசி நின்றது. கடையில் அரிசி கிடைக்கவில்லை. ஆவடிப் பக்கம் ராணுவத்துக்கென்று நிலங்களை எடுத்துக்கொண்ட பிறகு அறுப்புக் கூலியும் நின்றது. உன் அப்பா அதே இடத்தில் மூட்டை தூக்கப் போனார். "லாரி லாரியா அரிசி எறங்குதுமே. தோள்ல சொமந்து உள்ள வெச்சிட்டு வரேன். இங்க வந்தா வெறுந்தண்ணி கொதிச்சிகினு கீது" என்று சொல்லிச் சிரிப்பார். கேழ்வரகுக் களியில்தான் ஓட்டினோம். எப்போதாவது அரிசி வாங்கினால் கைப்பிடி சுருங்கி விரல் நுனி அளவாயிற்று. கலயத்தைத் தூக்கிப் பார்த்த பாக்கியம் சொன்னாள்: "இன்னாக்கா இது, கோயிலுக்கா, கோழிக்கா?" என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு உடனே, "சரி வுடு. என்னுதுல கொஞ்சம் சேத்து உன் பேர்ல போட்டுடுறேன். ஜெபமும் அப்டியே சேத்துப் போட்டுகினுதான் கீறேன்" என்றாள். நான் ஜெபிப்பதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்காக அவள் செய்துகொண்டிருந்தாள்.

இந்த அரிசி ஆலயத்துக்குப் போனதும் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்ததால் அது உனக்குக் கண்ணில் உறுத்தியிருக்காது. பீடத்துக்கு வலப்பக்கம் ஒரு பானை, மேட்டுத் தெருவுக்கு. இடப்பக்கம் ஒரு பானை, சேரிக்கு. வலப்பக்கத்து அரிசி போதகர் வரும்போது சமையலுக்கும் பண்டிகைச் சோற்றுக்கும். இடப்பக்கத்து அரிசி அனாதைப் பிள்ளைகள் விடுதிக்கு. சேரிக் கை பட்ட அரிசியை மேட்டுத் தெருக்காரர்கள் சாப்பிட மாட்டார்கள், அனாதைகள் சாப்பிடலாம். பண்டிகை என்றால் சேரிக்குத் தனி அடுப்பு, தனிப் பந்தி. இதை யாரும் சட்டம் என்று எழுதி ஒட்டவில்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

அரிசி கிடைக்காத அந்த வருட ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு புது உபதேசியார் வந்தார். உன்னைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். ஒல்லியாக, எதற்கெடுத்தாலும் ஓடுகிறவர். ஈஸ்டர் காலை ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் பொங்கல் சோறு என்று அறிவித்திருந்தார். ஆராதனையில் எல்லாரும் உயிர்த்தெழுந்தார் என்று பாடினார்கள். நான் வாயை அசைத்தேன். வெளியே வந்தால் புளியமரத்தடியில் ஒரே ஒரு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மூப்பர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். உள்ளே போய்ப் பானைகளைப் பார்த்தார். இரண்டும் காலி.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீறே? ரெண்டு பானை அரிசியும் எங்க?"

"ரெண்டையும் ஒண்ணாத் தட்டி ஒலையில போட்டுட்டேன் ஐயா. ஒரு பானை பத்தாதுன்னு தோணுச்சு" என்றார் உபதேசியார். மூப்பரின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "ஏன் ஐயா, எதுலயும் வண்டு கிண்டு கெடந்துச்சா?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து பாக்கியம் சொன்னாள்: "வண்டு இல்ல நைனா. நாங்க கெடந்தோம்."

மூப்பர் அவளைப் பார்க்காமலே, "பிரிச்சுத் தனியா எடுக்க முடியுமான்னு பாரு" என்று உபதேசியாரிடம் சொன்னார். கொதிக்கிற அண்டாவிலிருந்து! அவர் கேட்டது ஆத்திரத்தில் வந்த அபத்தம் என்று அவருக்கே தெரிந்திருக்கும். பாக்கியம் விடுவாளா? "எடுங்க மூப்பரே, எடுங்க. எங்க அரிசி கொஞ்சம் கருப்பா இருக்கும், கும்பிட்டுகினே ஓரமா நிக்கும். பாத்துப் பொறுக்குங்க!"

நான் சிரித்துவிட்டேன். எஸ்தர் போனதிலிருந்து முதல் தடவை. பல்லைக் கடித்துப் பார்த்தேன், முந்தானையை வாயில் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. சேரிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். உன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பேய் ஏதும் பிடித்துவிட்டதா என்பதுபோல. சிரித்துச் சிரித்து அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மேட்டுத் தெருவில் சில குடும்பங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மூப்பரும் போனார். போகிற வழியில் திரும்பித் தன் மனைவியை, "வாடி" என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. "ஊட்டுக்கு வந்து இன்னாத்தத் துன்றது? நேத்து கிண்டின களிதான் கீது. எனக்குப் பசிக்குது. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு, இலையைப் போட்டுக்கொண்டு எங்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் புரட்சி செய்யவில்லை. பசி எடுத்தது, உட்கார்ந்தாள். இன்றைக்கும் எனக்கு அது போதும். எத்தனையோ பிரசங்கத்தால் நகராதது அன்றைக்குப் பசியால் நகர்ந்தது. உபதேசியார் பரிமாறினார். உப்பு குறைவு, அடியும் பிடித்திருந்தது. முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனபோது, நான் கேட்காமலே, யோசிக்காமலே, என் வாய், "ஆண்டவரே" என்றது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தொடர்ந்து என்ன சொல்வதென்று மறந்திருந்தது. ஆனால் அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தது. பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால் உனக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

நான் இதை அழகாக முடித்துச் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். அடுத்த ஞாயிறே இரண்டு பானைகளும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. புது உபதேசியாரைக் கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மூப்பர் இன்னும் மூப்பர்தான். மாறியது ஒன்றுதான்: மூப்பரின் மனைவி தன் கலயத்தைக் கொண்டுவந்து, எல்லார் கண்முன்னாலும், இடப்பக்கப் பானையில் கொட்ட ஆரம்பித்தாள். ஏன் என்று யாராவது கேட்டால், "வலப்பக்கம் எட்டல, இடுப்பு வலிக்குது" என்கிறாள். கிணறு இன்னும் எங்களுக்குத் திறக்கவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன வாரம்கூட நானும் பாக்கியமும் குடத்தோடு போய் நின்றோம், விரட்டினார்கள், மறுபடி போவோம். உள்ளே உயிர் வந்தது வாயை மூடிக்கொண்டிருப்பதற்கா? உயிர் இருக்கிறவரால்தான் போய்க் கேட்க முடியும்.

அதற்குப் பிறகும் எனக்குள் வற்றியதுண்டு. இப்போதும் சில வாரங்கள் வற்றுகிறது. ஆனால் பயம் போய்விட்டது. நம் ஏரியைப் பார். சித்திரையில் வெடித்துக் கிடக்கிறது, மாடு மேய்கிறது, பையன்கள் கில்லி ஆடுகிறார்கள். அப்போதும் ஊரில் எல்லாரும் அதை ஏரி என்றுதான் சொல்கிறார்கள். காய்ந்த காலத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஏரி வற்றினால் போதும், பெரிய பண்ணைக்காரன் வரப்பை உள்ளே தள்ளிப் போட்டு உழ ஆரம்பித்துவிடுவான். மழை வந்தால் தண்ணீர் நிற்க இடம் இருக்காது. உள்ளே காய்ந்த மனிதனிடமும் அப்படி வேலி போட வருவார்கள். நீ செய்த பாவத்துக்குத் தண்டனை என்று ஒருவன் வருவான். கடவுளே இல்லை, இதெல்லாம் ஏமாற்று என்று இன்னொருவன் வருவான். அவன் பேச்சில் பாதி நியாயம்கூட இருக்கும். நடித்துக்கொண்டு போ, யாருக்கும் தெரியாது என்று மூன்றாவதாக ஒருவன் வருவான். அவன் அநேகமாக உன் விடுதியிலேயே இருப்பான். யாருக்கும் இடம் கொடுக்காதே. காலியாக இருந்தால் காலியாக இரு. நிரப்புவது உன் வேலை என்று நினைத்துத்தான் நீ இப்படித் தவிக்கிறாய். கல்லறைக் கல்லை இயேசுகூடத் தானாகப் புரட்டவில்லை, தூதன்தான் வந்து புரட்டினான். அன்று விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்துத்தான் போனார்கள். நம்பிக்கையோடு போகவில்லை. சடலத்துக்குத் தைலம் பூசும் வேலை ஒன்று இருந்தது, போனார்கள். அப்படிப் போனவர்களுக்குத்தான் அவர் உயிர்த்தெழுந்தது முதலில் தெரிந்தது.

வேலையை விடாதே என்று நான் கட்டளை போடவில்லை. கணக்கெழுதப் பிடிக்கிறது, பட்டறைக்குப் போகப் பிடிக்கிறது என்று சொல், சந்தோஷமாக வா, உன் அப்பா ஆவடியில் யாரையாவது பிடிப்பார். ஆனால் உள்ளே வற்றிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எழுதிக் கொடுக்காதே. அந்தக் காரணத்துக்காக விலகுவதென்றால் சேரியில் பாதிப் பேர் என்றைக்கோ கிறிஸ்தவத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். நிறைந்து வழிகிற உபதேசியார்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் யாரும் என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. காய்ந்து பார்த்தவன் ஒருவன் அந்தக் கிராமத்துக்குப் போவதில் எனக்கு ஒரு நஷ்டமும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ செய்ய வேண்டியது இதுதான். போ. குரலை மாற்றாதே, கண்ணீர் வரவழைக்காதே. ஜெப நேரம் வரும்போது உனக்கு வந்தால் ஜெபி. வராவிட்டால், "எனக்கு இன்னிக்கு வரல, உங்கள்ல யாராவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, பீடத்திலிருந்து இறங்கி அவர்களோடு பாயில் உட்கார்ந்துகொள். கொஞ்ச நேரம் சங்கடமாக இருக்கும். இருமுவார்கள், ஒருவரையொருவர் இடிப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி எழுந்திருப்பாள். படிக்காதவளாக இருப்பாள், வரிசை தப்பும், மாட்டுக்கும் மழைக்கும் குடிகார மருமகனுக்கும் சேர்த்து நீளமாகக் கேட்பாள். புதுசாக வந்திருக்கிற பிள்ளைக்காகவும் கேட்பாள், உன் பெயர் தெரியாததால் நாக்கைக் கடித்துக்கொள்வாள். நீ உன் பெயரை எடுத்துச் சொல்லு. அவள் முடித்ததும் ஆமென் சொல்லு. இப்போதைக்கு உன் பங்கு அவ்வளவுதான், மீதியை அவள் சொல்லிவிட்டாள்.

உன் அப்பா மறுபடி கஞ்சி கேட்கிறார். உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் நன்றாகத் தூங்குகிறேன் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

உன்னைப் பெற்றவள்